அடுப்போடு புறப்படும் வண்டிகள்

ஆனி மாதம் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் வீதியில் சில லொறிகளின் கோலம் மாறிவிடும். மாசி, பங்குனியில் நெல் மூடை ஏற்றிப் போன அதே லொறிகள்தான். இப்போது பெட்டிக்கு மேல் கம்பு வளைத்துத் தறப்பாள் கட்டியிருக்கும். முன்கண்ணாடியில் வேல் படமும் வேப்பிலைக் கொத்தும் இருக்கும். பின்கதவில் கரிபிடித்த கிடாரம் ஒன்று கயிற்றில் ஆடிக்கொண்டு வரும். உள்ளே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும்.

கதிர்காமத்துக்குப் போகிறார்கள். போய்த் திரும்பும் வரைக்கும் அந்த லொறிதான் வீடு. சமைப்பது அதன் நிழலில். படுப்பது அதன் பெட்டியில், இடம் போதாதவர்கள் அதன் அடியில். ஈரத்துணி காய்வதும் அதன் பக்கப் பலகையில்தான்.

மேற்கு நாடுகளில் கோடை விடுமுறை வந்தால் சமையலறையும் கட்டிலும் கழிவறையும் பொருத்திய வாகனத்தில் குடும்பங்கள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் புறப்படுகின்றன. அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்கிறார்கள், ஐரோப்பாவில் கேரவன், மோட்டார் ஹோம். யூடியூப் புண்ணியத்தில் அந்தக் காட்சி இப்போது நம் பிள்ளைகளுக்கும் நன்றாகப் பழகிவிட்டது. பழைய வான் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, மெத்தை போட்டு, கேஸ் அடுப்பு வைத்து ஊர் சுற்றும் ஆசை மட்டக்களப்பு இளைஞர்களிடமும் வந்திருக்கிறது. அவர்களுக்கு முதலில் இந்த லொறியைக் காட்ட வேண்டும். இந்தக் கரையில் கோடைப் பயணம் என்றாலே வீட்டோடு புறப்படுவதுதான். அதை நடத்தி வைத்தது வாகனம் மட்டும் இல்லை. வழியில் இருந்த கிணறும் மரமும் கோயில் வீதியும் அதில் பாதி வேலையைச் செய்தன. அந்தப் பாதிதான் இன்று நம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது.

லொறிக்குள் ஒரு வீடு

ஏற்றும் முறையிலேயே ஒரு கணக்கு உண்டு. அரிசி மூடை, தேங்காய்ச் சாக்கு, விறகுக் கட்டு மூன்றும் பெட்டியின் அடியில். அதன்மேல் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பாய். சில்லுக்கு நேர்மேலே குலுக்கம் அதிகம் என்பதால் வயதானவர்களுக்கு முன்பக்கத்தில், சாரதியின் முதுகுப் பலகையை ஒட்டி இடம். குழந்தைக்குக் குறுக்குக் கம்பில் சேலை ஏணை. தண்ணீர்ப் பரல் பின்மூலையில் நிற்கும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் முதல் பத்து மைலிலேயே பாய் எல்லாம் நனைந்துவிடும் என்பதால் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதற்கே காவல். மிளகாய்த்தூள், பருப்பு, தேயிலை, சீனி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள். விரதப் பயணம் ஆகையால் மீனும் கருவாடும் ஏறாது. மட்டக்களப்பான் ஒருவன் கருவாடு இல்லாமல் வீடு தாண்டுவது இந்த ஒரு பயணத்துக்குத்தான்.

லொறி கிடைக்காதவர்கள் உழவு மெசினில் பெட்டி பூட்டிப் போவார்கள். கதிர்காமம் வரை அதில் போவது அரிது. படுவான்கரை ஊர்களிலிருந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கும், மண்டூர்க் கந்தசுவாமி தீர்த்தத்துக்கும், சித்தாண்டித் திருவிழாவுக்கும் இன்றைக்கும் மெசின் பெட்டிதான் வாகனம், கூடாரம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம். ‘சின்னக் கதிர்காமம்’ என்று பெயர் பெற்ற மண்டூரில் திருவிழா ஆவணியில் நிறைவுறும். எழுவான்கரைக்காரர் குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்ற படகில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்து அங்கே போவார்கள். மோட்டார் சைக்கிள், ஆட்கள், சாமான் எல்லாம் ஒன்றாக நிற்கும் அந்தத் தட்டையான படகில் நின்று பார்த்தால், 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி நம் ஊர்களை எப்படி இரண்டு கரையாக வகுத்து வைத்திருக்கிறது என்பது விளங்கும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்கும் இதே மாதிரித்தான். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்குப் பாதைக்காகக் காத்து நிற்கும் வேலை போயிற்று.

தெற்கே போகும் லொறிக்கு இந்தத் தடையும் இல்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் வீதி வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றைக் கோடாக இறங்கும். காத்தான்குடியில் வீதியின் நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களில் அந்த மாதங்களில் குலைகள் பழுத்துத் தொங்கும். ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் தாண்டிக் களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம். பிறகு களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனையில் கைத்தறி, பாண்டிருப்பில் திரௌபதை அம்மன். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என மாறி மாறி வரும். தாகசாந்திப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்து, அடுத்த ஊர்க் கடையில் ‘தேத்தண்ணி’ குடித்துப் போன பயணிகளுக்கு எல்லை எங்கே முடிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போர்க்காலம் இந்த வீதியில் ஊருக்கு ஊர் முள்ளும் மண்மூடையும் வைத்தது. சாமான் முழுவதையும் இறக்கி, காட்டி, மறுபடி ஏற்றிப் போன ஆண்டுகளை ஐம்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் பயணம் முற்றாக நின்றுபோகவில்லை.

திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் வீதி முதல் பெரிய தங்குமிடம். பக்கத்தில் கடல், உள்ளே நல்ல கிணறு, இராப் படுக்க மண்டபம். லொறியை ஓரமாக விட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினால் அரைமணி நேரத்தில் சோறும் பருப்பும் இறங்கிவிடும். பெண்கள் கிணற்றடியில் முறை வைத்துக் குளிப்பார்கள். பக்கத்து லொறி வந்தாறுமூலைக்காரருடையது என்றால் ஒரு சட்டி சாம்பார் அங்கே போகும், அங்கேயிருந்து ஒரு வாழைக்காய்க் கறி இங்கே வரும். இந்தப் பண்டமாற்றுக்காகவே வருடாவருடம் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொத்துவிலில் வழி இரண்டாகப் பிரியும். மேற்கே திரும்பினால் ஏ4 நெடுஞ்சாலையில் லகுகலைக் காட்டை ஊடறுத்து, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தளை வழியாகக் கதிர்காமம் சேரலாம். நேரே தெற்கே பாணமை தாண்டிப் போனால் உகந்தை முருகன். அங்கே குமண காடு தொடங்கும்.

இராத்திரியில் நடந்த வண்டில்கள்

லொறி வருமுன் இதே பயணத்தைக் கூடார வண்டில் செய்தது. கிடுகோ ஓலையோ வேய்ந்த வளைந்த கூரை, அடியில் தொங்கும் அரிக்கன் லாம்பு, மாட்டுக்கு வைக்கோல், மனிதருக்குக் கட்டுச்சோறு. கோடையில் பகல் மணல் மாட்டின் குளம்பைச் சுடும். அதனால் பொழுது சாய்ந்தபின் பூட்டி, விடிந்து வெயில் ஏறுமுன் அவிழ்ப்பது வழக்கம். பகல் முழுவதும் மருத மரத்தடியில் கிடப்பார்கள். மாடு ஒரு மூச்சில் போகக்கூடிய தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்துக்குள் அடுத்த தண்ணீரும் நிழலும் இருந்தாக வேண்டும். வீதியோரத்து மடமும் கிணறும் ஆலமரமும் இந்தக் கணக்கில் உண்டானவை.

மலைநாட்டுக்கு ஏறும் வழிகளிலும் இதே கணக்குத்தான். இந்தக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிய தவளம், அதாவது பொதிமாட்டுக் கூட்டம், கண்டி இராச்சியத்துக்குள் போய்ப் பாக்குக் கொண்டு இறங்கியது. அந்த வணிகத்தில் கிழக்குக்கரை முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒல்லாந்துக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல், மே மாத முடிவில், மட்டக்களப்புக் கரையில் இறங்கினான். இங்கிருந்து உள்நாடு வழியே கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்ததும் அதே கோடையில்தான். ஐரோப்பியன் ஒருவன் புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று நம் பாடப்புத்தகங்கள் அதை நினைக்க வைக்கின்றன. அவனைக் கூட்டிப்போனவர்களுக்கு எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் இராத்தங்கல் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த அறிவை யாரும் எழுதி வைக்காமல் விட்டதுதான் நம் இழப்பு.

1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு மேற்கே போகிறவனுக்கு வண்டில் தேவைப்படவில்லை. ரயில் போகாத தெற்குக்கு மட்டும் வண்டிலும், பிறகு லொறியும் தொடர்ந்தன. கதிர்காமப் பயணம் அதன் பழைய உருவத்தை இழக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பில்லிங்ஸ் ஆற்றங்கரையில் நடந்தது

கேரவன் பயணத்தின் வரலாற்றிலும் வாகனத்தைவிடத் தங்குமிடம்தான் முக்கியமான கதை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல், குதிரை இழுக்கும் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து இன்வர்னெஸ் வரை ஒரு கோடை முழுவதும் போனார். உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் அது என்பார்கள். அவ்வளவு அழகான வண்டியிலும் சாயங்காலம் ஆனால் அவர் தேடியது குதிரைக்குத் தண்ணீரும், வண்டியை நிறுத்த ஒரு வயல் மூலையும்தான்.

1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காரிலும் கேரவனிலும் மேற்கே புறப்பட்டன. வழியில் மொன்ரானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரில், யெலோஸ்ரோன் ஆற்றங்கரையில் டேவ் டிரம் என்பவருக்குக் காணி இருந்தது. இராத்தங்க இடமின்றி வண்டிகள் அலைவதைக் கண்டு அவர் அங்கே கழிவறை, வெந்நீர்க் குளியல், ஒரு சிறிய பலசரக்குக் கடை மூன்றையும் வைத்தார். ஒரு இரவுக்கு ஒரு டொலர் 75 சதம். இன்று வட அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பியிருக்கும் கே.ஓ.ஏ. முகாம்களின் தொடக்கம் அதுதான். தண்ணீர், கழிவறை, கொஞ்சம் பலசரக்கு, பயமில்லாமல் கண்மூட ஒரு இடம்: நம் கோயில் வீதியும் மடமும் காசு வாங்காமல் இதைத்தான் கொடுத்துவந்தன. கேரள அரசும் 2021இல் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்தபோது, வாகனத்துக்குச் சலுகை கொடுத்ததோடு நிற்காமல் கேரவன் பூங்காக்களுக்கும் விதி வகுத்தது. கேரளம் அந்த இடத்தில் சரியாக யோசித்தது.

நிழல் போன வீதி

நம் வீதி இன்று அகலமானது, வழுவழுப்பானது. வடக்கே 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு துறைகளுக்கும் பாலம் வந்தது. திருகோணமலைக்குப் போகிறவன் பாதைக்குப் பாதை இறங்கி நின்ற காலம் முடிந்தது. இதை யாரும் குறை சொல்ல முடியாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு பாதைத் துறையில் காத்து நின்றவர்களைக் கேட்டால் பாலத்தின் அருமை சொல்வார்கள்.

ஆனால் வீதி அகலமானபோது ஓரத்து மரங்கள் விழுந்தன. நட்ட இடத்திலும் நிழல் தராத அலங்காரச் செடிகள். ஓரக் காணிக்கெல்லாம் மதிலும் கேற்றும் வந்துவிட்டன. பொதுக் கிணறுகள் பலவற்றில் 2004 டிசம்பர் 26 கடல் புகுந்து உப்பாக்கியது. குழாய்த் தண்ணீர் வந்ததும் மிச்சக் கிணறுகளை இறைத்துப் பராமரிக்க ஆளில்லாமல் போயிற்று. குழாய்த் தண்ணீர் வீட்டுக்காரனுக்குத்தான். வழிப்போக்கன் மதிலுக்கு வெளியே போத்தல் தண்ணீர் வாங்கி நிற்கிறான்.

இதில் அதிகம் வதைபடுவது பெண்கள். ஆண்கள் பற்றை தேடிப் போய்விடுவார்கள். லொறியில் வரும் அம்மாமாரும் பெண்பிள்ளைகளும் மட்டக்களப்பில் ஏறினால் அக்கரைப்பற்று வரை தண்ணீரே குடிக்காமல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து பாகை வெயிலில், தறப்பாளுக்குக் கீழே, கழிவறைக்குப் பயந்து தாகத்தை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். இதைப் பக்தி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பயணிகள் வரும் மாதமும் வழியும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த மாதத்துக்கு முன் கழிவறை கட்டாத நிர்வாகம் தன் கடமையைச் செய்யவில்லை.

அதே வீதியில் இப்போது இன்னொரு வகைப் பயணியும் வருகிறார். ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம். பாசிக்குடாவில் கடல் குளம்போல் கிடப்பதும் இந்த மாதங்களில்தான். வெள்ளைக்கார இளைஞர்கள் முச்சக்கரவண்டியை வாடகைக்கு எடுத்து, கூரையில் பலகையைக் கட்டி, தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கூரை உயர்த்திய வான்களும் ஒன்றிரண்டு தென்படுகின்றன. அவர்களுக்கும் இரவானால் அதே கேள்விதான்: எங்கே நிறுத்துவது? வாவியோரத்தில் கண்டல் மரங்களுக்கு அருகே நிறுத்தி, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாவிக்குள் ஊற்றுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. இறாலும் மீனும் வளரும் தண்ணீர் அது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இனி வான்கள் பெருகும். 2022இல் பெற்றோல் வரிசையிலும் கியூ.ஆர். பங்கீட்டிலும் முடங்கிக் கிடந்த ஆசைகள் எல்லாம் வீதிக்கு வரும். கேரவன் சுற்றுலா என்ற பெயரில் முதலீட்டாளர்களும் வருவார்கள். அவர்கள் கடற்கரையில் வேலி போட்டு, ஒரு இரவுக்கு ஒரு கூலிக்காரனின் மாதச் சம்பளத்தை வாங்கும் பூங்கா கட்டுவதற்கு முன், பிரதேச சபைகள் முந்திக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். களுவாஞ்சிகுடியில் ஒன்று, திருக்கோவிலில் ஒன்று, பொத்துவிலில் ஒன்று, வடக்கே வாகரையில் ஒன்று. மருதும் வேம்பும் நட்ட அரை ஏக்கர் வளவு, மூடிய கிணறு, பெண்களுக்குத் தனிக் கழிவறையும் குளியலறையும், கழிவுத் தண்ணீர்க் குழி, அடுப்பு மூட்ட ஒரு கூரை, ஒரு காவலாளி. அதற்குள் உழவு மெசினும் வரட்டும், ஜேர்மன்காரனின் வானும் வரட்டும். சிறு கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா சுடும் அப்பமும், தயிர்ச்சட்டியும், ஆனி ஆடியில் காட்டிலிருந்து வரும் பாலைப்பழமும் அங்கேயே விலைபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த லொறிப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து. வளைவில் சரிந்து உயிர் போன குடும்பங்கள் உண்டு. பழக்கம் என்பதற்காக அதை நான் புகழ மாட்டேன். ஆட்கள் பஸ்ஸிலோ வானிலோ வர, லொறி சாமானை மட்டும் ஏற்றி வரும் முறை பல ஊர்களில் வந்துவிட்டது. அப்படிப் போனாலும் இரவில் சேர்ந்து சமைக்க ஒரு வளவு வேண்டும்.

உகந்தைக்கு அப்பால்

உகந்தைக்கு மேல் எந்த வண்டிக்கும் வேலை இல்லை. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாக நடந்தே வரும் பாத யாத்திரைக்காரரும், லொறியில் வந்து இறங்கியவரும் அங்கே ஒன்றாகிறார்கள். போரில் அறுந்த அந்த நெடும் யாத்திரை 1988இல் மறுபடி உயிர்பெற்றது. கதிர்காமத் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் காட்டுப்பாதை திறக்கும். பெயர் பதிந்து, கூட்டமாக, குமண வழியே கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால காட்டுக்குள் பல நாள் நடந்தால் மாணிக்க கங்கைக் கரை.

லொறியில் இருந்த வீடு அங்கே தலைமூட்டையாகச் சுருங்கும். எதை விடுவது, எதை எடுப்பது என்று உகந்தை மணலில் குடும்பங்கள் உட்கார்ந்து பிரிப்பதைப் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பு லொறியோடு திரும்பிவிடும். அரிசி, பருப்பு, ஒரு சட்டி, ஒரு போர்வை, தண்ணீர்க் கலன் மட்டும் தலைக்கு ஏறும். லொறி மொனராகலை வழியாகச் சுற்றிக் கதிர்காமம் போய் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

காட்டுக்குள் வீசப்படும் பிளாஸ்டிக் போத்தலும் ரொட்டிப் பையும்தான் கவலை. யானையும் மானும் அதைத் தின்கின்றன. அன்னதானம் கொடுப்பவர்கள் தாமரை இலையிலோ வாழையிலையிலோ கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கலனைத் திரும்ப நிரப்பும் தண்ணீர்த் தாங்கிகள் உகந்தையிலும் ஆற்றங்கரையிலும் போதுமான அளவு நின்றால் போத்தலே தேவைப்படாது.

இந்த ஆண்டு வண்டியோடு புறப்படும் குடும்பங்களுக்குச் சில விவரங்கள். மட்டக்களப்பிலிருந்து விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் திருக்கோவில் சேரலாம். பகலை அங்கே கழித்துப் பின்னேரம் வெயில் இறங்கத் தொடங்கியதுமே பொத்துவில் போவது நல்லது. கோடையில் லகுகலைக் குளத்துக்கு யானைகள் கூட்டமாக இறங்கும். இருட்டில் அந்த வீதியில் போகவேண்டாம், நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் காட்டு வீதியில் யானை வண்டியை மறித்து நிற்கும். சோளமோ பழமோ கொடுத்துப் பழக்கியது நம்மவர்களே. கொடுக்காமல், ஹோர்ன் அடிக்காமல், அது விலகும்வரை தள்ளி நிற்க வேண்டும். பாணமையில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். உகந்தைக் கிணறுகளில் அந்த நாட்களில் வரிசை நீளமாக இருக்கும்.